தோள்மேல் எழும் கோபுரம்

மத்தியதரைக் கடலோரத்தே அமைந்த ஸ்பானிய நகரம் தராகோனா. அதன் காவற்புனிதை தெக்லாவின் திருநாளாகிய செப்டெம்பர் 23ஆம் நாளில் அங்குச் செல்வோர், நகர மண்டப முன்றிலிலே மனிதர் தோள்மேல் மனிதர் ஏறிக் கோபுரம் எழுப்பக் காண்பர். அடியிலே பெருங்கூட்டம் நெருங்கி நின்று தாங்கும்; அவருட் பலர் உச்சியைக் காண்பதுமில்லை.

உச்சிக்கு ஏறுவது ஒரு சிறுபிள்ளை. அப்பிள்ளை கை உயர்த்தியதும் ஆரவாரம் எழும். ஆயினும், நேயர்களே, வெற்றி அப்பொழுதே நிறைவுறுவதில்லை. கோபுரம் குலையாது அனைவரும் இறங்கினாலன்றி முழுமதிப்பு இல்லை.

2006இல் மத்தாரோ என்னும் நகரில் இத்தகைய கோபுரத்திலிருந்து வீழ்ந்த சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அதன்பின் உச்சியேறும் பிள்ளைகட்குத் தலைக்கவசம் வந்தது. ஏற்றிய பிள்ளையை நலமே இறக்குதலும் ஏற்றியோர் கடனன்றோ?