மூண்டதா, மூட்டப்பட்டதா?



ஊரிகத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு அறிமுகமாயிருக்கும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய மக்கள், இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள் ஆகிய யாவரும் ஒரே கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அவ்வாழத்தில் பாறை வெடித்துச் சரியும்பொழுது, தம்மைத் தூக்கிவிட நீளும் கை எம்மதத்தாருடையது என்று எவரும் வினவியிருக்க மாட்டார்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தொழிலாளரின் மக்களும் பேரர்களும் மாரிக்குப்பத்திலிருந்து இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே அண்டை அயலார் வேறு மொழியினர், வேறு மதத்தினர். பூமிக்கடியில் ஆபத்து வளர்த்த நம்பிக்கையைப் பூமியின்மேல் நாமே முயன்று வளர்க்க வேண்டியிருக்கிறது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. நேற்றுவரை நலம் விசாரித்த முகம் இன்று அயன்மையாய்த் தோன்றும் துன்பத்தைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் அறிவோம்.

யான் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். "இரு பிரிவினரிடையே கலவரம் மூண்டது" என்னும் வாக்கியத்தைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அவ்வாக்கியத்தில் எழுவாய் கலவரமே. மூட்டியவன் அதில் இல்லை. தீ தானாகப் பற்றிக்கொண்டதுபோல் அது சொல்கிறது. "மூண்டது என்கிறீர்களே, மூட்டியவர் யார்? எதற்காக மூட்டினார்?" என்று வாழ்நாள் முழுவதும் கேட்ட ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் அஸ்கர் அலி இன்ஜினியர்.

அவர் 1939 மார்ச் 10ஆம் நாள் இராஜஸ்தானத்தின் சலூம்பர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தாவூதி போரா முஸ்லிம் சமூகத்தின் மதகுரு. அரபு மொழியையும் குர்ஆன் விளக்கத்தையும் தந்தையிடமே கற்ற மைந்தர், பின்னர்க் கட்டடப் பொறியியல் பயின்று பம்பாய் மாநகராட்சியில் ஏறத்தாழ இருபதாண்டுகள் பணிபுரிந்தார்.

1961ஆம் ஆண்டு ஜபல்பூரில் பெருங்கலவரம் நிகழ்ந்தது. நாடு விடுதலை பெற்றபின் பிரதமர் நேரு அவர்களையே கலங்கச் செய்த கலவரம் அது. நாட்டு ஒருமைப்பாட்டுக்கென ஒரு மாநாடு அவ்வாண்டே கூட்டப்பட்டதற்கும் அந்நிகழ்ச்சி ஒரு காரணமாயிற்று. அப்பொழுது இருபத்தோரு வயதினராயிருந்த அஸ்கர் அலியின் உள்ளத்தில் அது ஆறாத புண்ணாகப் பதிந்தது. சமயம் அன்பைப் போதிக்கிறது என்று தந்தையிடம் பாடம் கேட்ட இளைஞர், சமயத்தின் பெயரால் வீடுகள் எரிவதைக் கண்டார். இவ்விரண்டில் எது உண்மை என்னும் வினாவே அவரது வாழ்வை வடிவமைத்தது.

இடிந்து விழுந்த கட்டடத்தைக் காணும் பொறியாளர், ஊழ்வினை என்று சொல்லிப் போய்விடுவதில்லை. அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கிறார். அஸ்கர் அலியும் அதையே செய்தார். கலவரம் நடந்த ஊர்களுக்கு நேரிற் சென்றார். இரு தரப்பாரையும் சந்தித்தார். அங்குள்ள தொழில், நிலம், தேர்தல், வதந்தி ஆகியவற்றை ஆராய்ந்து எழுதினார். ஜபல்பூர்க் கலவரத்தின் பின்னே பீடித் தொழில் முதலாளிகளிடையே இருந்த போட்டியைச் சுட்டிக்காட்டினார். 1980இல் பித்தளைத் தொழில் நகரமான மொராதாபாத், 1981இல் பீகார்ஷரீப், 1984இல் விசைத்தறி நகரமான பிவண்டி, 1987இல் மீரட் என்று அவர் ஆராய்ந்த ஊர்கள் பல. பீகார்ஷரீபில் இடுகாட்டு நிலத்தைப் பற்றிய வழக்கு பெரும் பூசலாக வளர்ந்தது. மதம் விறகாகப் பயன்படுத்தப்படுகிறது, தீக்குச்சி வேறொருவர் கையில் இருக்கிறது என்பதே அவருடைய முடிவின் சாரம்.

பிறர் குறையை மட்டும் பேசியவராயின் அவரை இத்துணை உயர்த்திக் கூற வேண்டியதில்லை. தம் சமூகத்துக்குள்ளே தலைமைப் பீடத்தின் அளவுகடந்த அதிகாரத்தை அவர் எதிர்த்தார். 1972இல் உதயப்பூரில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தில் முன்னின்றார்; 1977இல் சீர்திருத்தவாதிகளின் மத்திய வாரியத்துக்குப் பொதுச் செயலாளரானார். அதனால் பலமுறை தாக்கப்பட்டார். அவருடைய இல்லமும் அலுவலகமும் சூறையாடப்பட்டன. அப்பொழுதும் அவர் தம் சமயத்தை விட்டு விலகவில்லை, எதிர்ப்பாரைப் பகைக்கவுமில்லை. அயலாரின் வெறியைக் கண்டிப்பது எளிது. நம்மவரின் வெறியை நம் முற்றத்திலேயே நின்று கண்டிப்பது அரிது. அந்த அரிய செயலைச் செய்தவர் சொல்வதற்கே இரு தரப்பாரும் செவிசாய்ப்பர்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டே அவர் சமுதாய, மதச்சார்பின்மை ஆய்வு மையத்தை நிறுவி, காவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பயிற்சி முகாம்கள் நடத்தினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றினார். 2004இல் சுவாமி அக்னிவேசும் அவரும் சுவீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருதைப் பகிர்ந்துகொண்டனர். 2013 மே 14ஆம் நாள் மும்பையில் காலமானார்.

அவர் கூறிய உண்மைக்கு ஒரு சான்று பம்பாய்க்கு அருகிலேயே இருக்கிறது. 1970இலும் 1984இலும் பற்றியெரிந்த பிவண்டி, 1992-93இல் அமைதியாயிருந்தது. அங்குக் காவல்துறை அதிகாரியாயிருந்த சுரேஷ் கோப்டே, தெருத்தோறும் இரு மதத்தாரும் உறுப்பினராயுள்ள குழுக்களை முன்னரே அமைத்திருந்தார். அக்குழுக்களில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருந்தவர்கள், வதந்தி வந்தபொழுது ஒருவரையொருவர் கேட்டுத் தெளிந்தனர். அதே மக்கள், அதே மதங்கள். முன்கூட்டிய பழக்கம் ஒன்றே புதிது.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு கற்பிப்பது இதுதான். கலவர நாளில் அண்டை வீட்டாரிடம் அறிமுகம் செய்துகொள்ள இயலாது. அமைதியான நாளிலேயே அவருடைய மொழியில் நாலு சொல் கற்போம். அவர் வீட்டு நன்மை தீமைகளில் கலந்துகொள்வோம். நம்மவரைப் பற்றியோ பிறரைப் பற்றியோ ஒரு செய்தி காதில் விழுந்தால், அதை அடுத்தவரிடம் சொல்லுமுன், "கண்டவர் யார்? இதனால் பயனடைபவர் யார்?" என்று இரண்டு கேள்விகள் கேட்போம். அதே கேள்விகளை நம்மவர் சினந்தெழும்போதும் தயங்காது கேட்போம்.

சுரங்கக் கூண்டில் இறங்கிய நம் முன்னோர், பக்கத்தில் நின்றவரை நம்பித்தான் இறங்கினர். அந்நம்பிக்கை மேலே வாழும் நமக்கும் வேண்டும்.