மின்சாரத் துவிச்சக்கரவண்டி வாங்குமுன்



எம் ஆசிரியர் ஒருவர் தம் சேமிப்பையெல்லாம் திரட்டி மின்சாரத் துவிச்சக்கரவண்டி ஒன்று வாங்கினார். யாழ்ப்பாணத்துச் சமதரையில் அது நன்றாகவே ஓடிற்று. மலைநாட்டுக்கு மாற்றம் பெற்றதும், முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ள நேர்ந்தது. பிழை வண்டியில் அன்று, தெரிவிலே.

மோட்டார் இருவகைப்படும். ஒன்று சில்லின் குடத்தில் அமைவது. மற்றொன்று மிதியின் அச்சில் அமைவது. முன்னையது எளியது, விலை குறைந்தது, சமதரைக்குப் போதும். பின்னையது பற்சில்லுகளின் உதவியையும் பெறுவதால் ஏற்றத்தில் சிறக்கும். ஆயின் சங்கிலி விரைவில் தேயும். ஆகவே 250 உவாற்று என்னும் எண்ணோடு அமையாது, நியூற்றன் மீற்றரில் கூறப்படும் முறுக்குவலுவையும் கேட்டறிதல் வேண்டும்.

மின்கலத்தை மதிப்பிட, உவோற்றையும் அம்பியர் மணியையும் பெருக்குங்கள். 36 உவோற்று, 10 அம்பியர் மணி எனின் 360 உவாற்று மணி. கிலோமீற்றருக்கு 15 உவாற்று மணி செலவாயின் 24 கிலோமீற்றர் ஓடலாம். விற்போர் சொல்லும் தூரத்தை இக்கணக்கால் சோதியுங்கள். பாரம் மிக்க வண்டியாதலின், பிறேக்கின் உறுதியையும் பாருங்கள்.

முதலில் உங்கள் பாதையை எண்ணுங்கள். வண்டியைப் பின்னர்த் தேடுங்கள்.