ஊர்க் கூட்டத்தில் நம் பெயர்

(மும்பையில் நடைபெற்ற சங்க ஆண்டுக் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டறிக்கை படித்தாயிற்று, வரவு செலவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இனி, செயற்குழுவின் சார்பில் ஒரே ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது நம் ஏட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றியது.

கடைசிப் பக்கத்தில் 'ஊர்ச் செய்திகள்' வெளிவருகின்றன. ஏடு கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். தலையங்கத்தைப் பிறகு படிப்போம், படிக்காமலும் இருப்போம். அங்கே என்ன இருக்கிறது? திருமணம், காதணி விழா, கோயில் கொடை, புதுமனை புகுவிழா, மறைவு. இவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயிரம் கல் தொலைவில் பிழைக்க வந்தவனுக்கு இவைதாம் ஊரோடு உள்ள கயிறு. ஆனால், ஊரில் எந்தத் தெருவுக்குக் குழாய் போட்டார்கள், அதற்கு எவ்வளவு பணம் வந்தது, கணக்கை யார் பார்த்தார்கள் என்ற செய்தி ஒரு வரிகூட அந்தப் பக்கத்தில் வந்ததில்லை. நீங்களும் எழுதி அனுப்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்தக் குறை எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

திண்ணையில் பார்த்த பதிவேடு

2023 ஆகஸ்ட் மாதம் எங்களில் சிலர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தோம். நெல்லைச் சீமையில் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், உங்கள் ஊராகவும் இருக்கலாம். 15-ஆம் தேதி கிராம சபைக் கூட்டம். பத்து மணிக்கு என்று தண்டோரா. பதினொன்றரைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் தொடங்கிற்று. 'மும்பைக்காரர்கள்' என்று எங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். எண்ணிப் பார்த்தோம். குழந்தைகளை நீக்கினால் ஐம்பத்து மூன்று பேர்.

தீர்மானங்கள் வேகவேகமாகப் படிக்கப்பட்டன. அப்போது, தரையில் உட்கார்ந்திருந்த தெற்குத் தெருப் பெரியம்மா ஒருவர் எழுந்தார். "கையெழுத்துப் போடச் சொல்லுதிய. போன கூட்டத்துல எழுதுன தண்ணிக் குழாய் எங்க?" என்று கேட்டார். "அதெல்லாம் அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம், பெரியம்மா" என்று பதில் வந்தது. கேள்வியும் எழுதப்படவில்லை, பதிலும் எழுதப்படவில்லை. நாற்காலியில் இருந்த நாங்கள் என்ன செய்தோம்? வாய் திறக்கவில்லை. ஊரில் கிடைத்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. இதை உங்கள் முன் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அரை மணியில் கூட்டம் முடிந்தது. வருகைப் பதிவேடு மட்டும் முடியவில்லை. அது தெருத்தெருவாக, திண்ணை திண்ணையாகப் போய்க்கொண்டிருந்தது. மாலையில் ஒரு திண்ணையில் அதைப் புரட்டிப் பார்த்தோம். நூற்றுக்கு மேல் கையெழுத்துகள். அவற்றுள் ஒன்று நம் சங்க உறுப்பினர் ஒருவருடையது! அவர் அன்று ஊரிலேயே இல்லை. தாராவியில் விடியுமுன் எழுந்து, இட்லி அவித்து, சைக்கிளில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னோம். "ஊர் இன்னும் என்னை மறக்கலைன்னு தெரியுது, அண்ணாச்சி" என்று சிரித்தார். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னோம். தெற்குத் தெருக் குழாய்ப் பணி நிறைவாக முடிந்ததாகச் சபை ஏற்றுக்கொள்கிறது என்று எழுதியிருந்தது. எழுந்து நின்று கேட்ட அந்தப் பெரியம்மா அவருடைய தாயார். தாய் தண்ணீர் எங்கே என்று கேட்கிறார்; தண்ணீர் வந்துவிட்டது என்று மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தனக்கே தெரியாமல்! அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

சட்டம் சொல்வது என்ன?

தோழர்களே! கிராம சபை என்பது அதிகாரிகள் மனமிரங்கி நடத்தும் விழாவன்று. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் சேர்ந்ததே கிராம சபை என்று அது வரையறுத்தது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆள் அனுப்புகிறோம். கிராம சபைக்கு ஆள் அனுப்புவதில்லை. நாமே அதன் உறுப்பினர்.

தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும், 1998-இல் வந்த விதிகளும் இதற்கு முறை வகுத்தன. ஏழு நாள் முன்னதாக அறிவிப்புச் செய்ய வேண்டும். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த நான்கு கூட்ட நாட்களோடு, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு நாட்கள் சேர்க்கப்பட்டன. ஆக, எங்கள் ஊரில் பதிவேடு ஏன் தெருத்தெருவாகப் போயிற்று என்பது இப்போது விளங்கும். ஐம்பத்து மூன்றை நூறாக்க வேண்டும். அதற்கு மிக வசதியான ஆள் யார்? ஊரில் இல்லாதவன்! அவன் வந்து மறுக்கமாட்டான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அதில் ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர்கள். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டோம்.

ராஜஸ்தானில் படித்துக் காட்டினார்கள்

இல்லாதவன் பெயரை வைத்துக் கணக்கு எழுதுவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதன்று. ராஜஸ்தானின் வறண்ட பகுதியில் உழைப்பாளர்களும் சிறு விவசாயிகளும் 1990-இல் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களுள் ஒருவர், சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு விலகிய அருணா ராய். அரசாங்க வேலையில் கூலி குறைவாகக் கிடைக்கிறது என்பதுதான் முதல் பிரச்சினை. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றார்கள்; அது ரகசியம் என்று பதில் வந்தது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட்கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கைக்கு வந்த வருகைப் பட்டியலை ஊரார் நடுவே உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த புரட்சி! அடுத்தடுத்து ஊர் ஊராக நடந்த விசாரணைகளில், இறந்தவர் பெயரிலும் வேலைக்கே போகாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டது வெளிவந்தது. கட்டாத கட்டடங்களுக்குச் செலவு எழுதியதும் வெளிவந்தது. தாளில் இருந்தவரை பொய் பத்திரமாக இருந்தது. ஊர் நடுவே வாய்விட்டுப் படித்தபோது, அந்தப் பெயருக்கு உரியவனே எழுந்து 'நான் போகவில்லையே' என்றான்.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். 'நம் பணம், நம் கணக்கு' என்பதே அவர்கள் முழக்கம். அந்த முழக்கம் வளர்ந்துதான் 2005-இல் நாடு முழுமைக்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களும் சேர்ந்து நமக்குப் பெற்றுத் தந்த சட்டம் அது. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அதை எத்தனை முறை பயன்படுத்தினோம்?

கூடிப் பேசிய இடங்கள்

நாம் வாழும் இந்த மராட்டிய மாநிலத்திலேயே, கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா-லேகா என்ற கோண்டு மக்களின் சிற்றூர் இருக்கிறது. ஏறத்தாழ நூறு வீடுகள். 'தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு. எங்கள் ஊரில் நாங்களே அரசு' என்பது அவர்கள் சொல். அங்கே கைதூக்கி எண்ணிப் பெரும்பான்மை பார்ப்பதில்லை. எல்லோரும் ஒப்பும்வரை பேசுகிறார்கள். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின்மீது சமூக உரிமை பெற்றார்கள். 2011-இல் தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்கும் அதிகாரமும் அந்தக் கிராம சபைக்கு வந்தது.

ஒடிசாவின் நியாம்கிரி மலையை அறிவீர்கள். அங்கே பாக்சைட் தோண்டலாமா என்பதில் கிராம சபைகளைக் கேட்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. அடுத்த ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதி மறுத்தது. சில நூறு மலைவாசிகள் உட்கார்ந்து பேசி எழுதிய தீர்மானம் பெரிய சுரங்கத் திட்டத்தையே நிறுத்திற்று. காரணம், அங்கே கூடியவர்கள் உண்மையாகக் கூடியவர்கள். பதிவேடு திண்ணை திண்ணையாகப் போகவில்லை.

நம் தமிழ்நாட்டிலோ, நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதற்கே இரத்தம் சிந்தியிருக்கிறது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாழ்த்தப்பட்டவர் தலைவராக வந்ததே அவர்கள் செய்த 'குற்றம்'. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. தெற்குத் தெருவுக்குக் குழாய் ஏன் கடைசியில் வருகிறது என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேர்தல் காலத்தில் நடப்பது ஒரு பாதி என்றால், தேர்தலே நடவாத காலம் மறு பாதி. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது. நெல்லை, தென்காசி உள்ளிட்ட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர்வரை காத்திருக்க நேர்ந்தது. பதவிக்காலம் முடியுமுன்பே அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம்! இங்கே மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நிர்வாக அதிகாரியின் கையில்தான் நகரம் இருந்தது. ஆக, ஊரிலும் கேட்க ஆளில்லை, நகரிலும் கேட்க ஆளில்லை என்ற நிலையை நாம் பார்த்துவிட்டோம்.

பத்து ரூபாய் விண்ணப்பம்

'இங்கே இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாக்காளர் பெயரை மும்பைக்கு மாற்றிக்கொண்டவர் ஊரில் கிராம சபை உறுப்பினர் அல்லர். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தராது. ஆனால் தகவல் கேட்கும் உரிமைக்கு ஊர் எல்லை இல்லை. இந்தியக் குடிமகன் எவரும், எங்கிருந்தும், எந்த ஊராட்சியின் தீர்மானத்தையும் செலவுக் கணக்கையும் நகல் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இட்லி விற்கும் நம் நண்பர் அதைத்தான் செய்தார். 2023 ஆகஸ்ட் கடைசியில், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, தெற்குத் தெருக் குழாய்ப் பணியின் தீர்மானம், அளவு, செலவு ஆகியவற்றின் நகல் கேட்டு எழுதினார். ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. 'நம்ம ஊர்க்காரன் நீயே இப்படிச் செய்யலாமா?' என்று கேட்டார்கள். உறவினர் இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் நகலும் வந்தது. அக்டோபர் 2 கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதைப் படிக்க, பெரியம்மா பக்கத்தில் நின்றார். ஊர் கேட்டது.

2024-இல் குழாய் தெருமுனைவரை வந்தது. உள்ளே இன்னும் வரவில்லை. முழு வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பெரியம்மாவின் கேள்வி இப்போது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதப்பட்ட கேள்வியை அடுத்த கூட்டம் தாண்டிப் போக முடியாது.

எங்கள் வேண்டுகோள்

இனி நம் 'ஊர்ச் செய்திகள்' பக்கத்தில் பாதி இடம் கிராம சபைக்கு. விடுப்பில் போகிறவர்கள் கூட்ட நாளன்று ஊரில் இருந்தால் போய் உட்காருங்கள். முடிந்தால் தரையில் உட்காருங்கள். போக முடியாதவர்கள் வீட்டாரைத் தொலைபேசியில் கேளுங்கள். நான்கே விவரங்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள்: உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள், கணக்குப் படிக்கப்பட்டதா, என்ன தீர்மானம் எழுதினார்கள், போன தீர்மானம் என்ன ஆயிற்று. யாரையும் திட்ட வேண்டாம். கண்டதை மட்டும் எழுதுங்கள். நாங்கள் அச்சிடுகிறோம். அச்சிட்ட ஏட்டை அந்த ஊருக்கே இரண்டு படிகள் அனுப்புகிறோம்: ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, மற்றொன்று தேநீர்க் கடைக்கு.

ஊரில் பெரியவர்கள் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். 'படிச்சுக் காட்டு, போடுதேன்' என்ற மூன்று சொல் போதும்.

தோழர்களே! பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோம். உடல் இங்கே வந்தது. பெயர் அங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பெயரை யாரோ எடுத்துப் பயன்படுத்துவதா, அல்லது நாமே பயன்படுத்துவதா என்பதுதான் இன்று நம் முன் உள்ள கேள்வி. முதல் அஞ்சலட்டை யாருடையது என்று காத்திருக்கிறோம்.