சுண்டைக்காயும் சுமைகூலியும்



பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழகத்தின் எல்லையைத் தாண்டி வந்து, டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் குடியேறியிருக்கும் நம்மில் வண்டி வைத்திருப்போர் பலர். வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டோரும் பலர். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் நம்மிடையே ஒரு கேள்வி எழுகிறது. எந்த ஊரில், எந்த பங்க்கில் போட்டால் நாலு காசு மிச்சமாகும் என்பதே அக்கேள்வி. பார்வைக்குச் சிறியது, ஆயினும் அன்றாடம் ஓட்டி அன்றாடம் பிழைப்பவனுக்கு அது அடுப்பெரியும் கேள்வியாகும். அதனை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில், விலை ஏன் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நெடுங்காலம் விலையை அரசாங்கமே ஆட்டுவித்து வந்தது. அக்காலத்தில் பங்க்கைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே பெரிதாக இடமில்லை. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலையைத் திருத்தும் முறை வந்தது.

நாம் கொடுக்கும் விலையில் அடங்கியவை யாவை? எண்ணெயின் அடக்கவிலை, மத்திய அரசின் கலால் வரி, மாநிலத்தின் விற்பனை வரி, பங்க் முகவரின் கழிவு, கிடங்கிலிருந்து கொண்டுவரும் வண்டிக்கூலி ஆகியவை. கலால் வரி காசுமீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் ஒன்றே. முகவர் கழிவில் பெரிய வேற்றுமை இல்லை. எனவே ஒரே நகரத்துக்குள் பொதுத்துறைக் கம்பெனிகளின் பங்க்குகளுக்கிடையே காணும் வித்தியாசம் பெரும்பாலும் காசுகளிலேயே நின்றுவிடும். தனியார் பங்க்குகளில் சில கூடுதலாக விற்பதுண்டு. சில சலுகை தருவதுமுண்டு. ரூபாய்க் கணக்கில் விலை மாறுவது மாநில எல்லையில்தான். மாநிலந்தோறும் விற்பனை வரி வேறாக இருப்பதே அதற்குக் காரணம். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்படவில்லை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய மன்றம் இதனைப் பேசி, இன்னும் காலம் கனியவில்லை என்று விட்டுவிட்டது.

எல்லை செய்யும் மாயத்துக்குச் சில சான்றுகள் காண்போம். 2018 அக்டோபரில் மத்திய அரசின் அறிவிப்பால் விலை லிட்டருக்கு இரண்டரை ரூபாய் குறைந்தது. உத்தரப் பிரதேசமும் ஹரியானாவும் தம் பங்குக்கு மேலும் குறைத்தன. டில்லி குறைக்கவில்லை. நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் அன்றாடம் போய்வரும் வண்டிகள் அங்கேயே நிரப்பிக்கொண்டு திரும்பின. விற்பனை சரிந்துவிட்டது என்று முறையிட்டு, டில்லி பங்க்குக்காரர்கள் அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று கதவடைத்தனர். ஏறத்தாழ 400 பங்க்குகள் ஒருநாள் மூடிக் கிடந்தன. மூன்றாண்டு கழிந்து, 2021 டிசம்பர் தொடக்கத்தில், டில்லி அரசு பெட்ரோல் மீதான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 19.4 விழுக்காடாக இறக்கியது. விலை லிட்டருக்கு எட்டு ரூபாயளவில் வீழ்ந்தது. வாடிக்கை எல்லை தாண்டிப் போவதை அரசுகளும் கவனிக்கவே செய்கின்றன.

தென்னாட்டில் பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையிலுள்ள எல்லை இன்னும் வேடிக்கையானது. 2024 ஜூன் நடுவில் கர்நாடகம் வரியை உயர்த்தியது. பெங்களூரில் 99 ரூபாய் 84 காசாக இருந்த பெட்ரோல் 102 ரூபாய் 84 காசாயிற்று. அப்போது சென்னையில் அது 100 ரூபாய் 75 காசு. ஒரே இரவில் மலிவான ஊர் விலைமிகுந்த ஊராக மாறிவிட்டது. ஆயின் டீசலின் கதை வேறு. உயர்வுக்குப் பின்னும் பெங்களூரில் அது 89 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. சென்னையிலோ 92 ரூபாய்க்கு மேல் இருந்தது. பெட்ரோல் வண்டிக்குத் தெற்கு மலிவு, டீசல் வண்டிக்கு வடக்கு மலிவு என்றாயிற்று. எல்லையோர ஊர்களில் வண்டிக்கூலியாலும் விலை சிறிது மாறுமாதலின், தலைநகரின் விலையை நம்பிப் போகாமல், அந்தந்த ஊர்ப் பலகையைப் பார்ப்பதே அறிவுடைமை. கேரளத்தில் வாழும் நம்மவர்க்கு மாகியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதுவையைச் சேர்ந்த அச்சிற்றூரில் வரி குறைவாதலால், அங்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்பது வழக்கம்.

இவற்றையெல்லாம் கேட்டவுடன், எல்லைக்கு ஓடி நிரப்பிக்கொண்டு வந்தால் ஆதாயம் என்று தோன்றும். இங்கேதான் நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி துணைக்கு வருகிறது: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் 4 லிட்டர் நிரப்ப எண்ணுகிறோம். எல்லைக்கு அப்பால் லிட்டருக்கு 2 ரூபாய் குறைவு. மிச்சம் 8 ரூபாய். அதற்காகப் போகவர 9 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினால், எரிவது லிட்டரில் ஐந்திலொரு பங்கு. லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 20 ரூபாய் கரைந்துவிடும். எட்டைப் பிடிக்கப் போய் இருபதை விட்டோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் 30 லிட்டர் நிரப்பினால், 3 ரூபாய் வித்தியாசத்தில் மிச்சம் 90 ரூபாய். 12 கிலோமீட்டர் சுற்றினால் செலவு 80 ரூபாய். கையில் நிற்பது 10 ரூபாய். வழியில் சுங்கச்சாவடி ஒன்று குறுக்கிட்டால் அதுவும் நில்லாது.

லாரிக்காரர் நிலை முற்றிலும் வேறு. நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடக்கே வரும் லாரி ஒன்று 300 லிட்டர் டீசல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 ரூபாய் வித்தியாசமென்றால் ஒரே தடவையில் 1,200 ரூபாய். அதன் பாதையே பல மாநில எல்லைகளைக் கடந்து செல்வதால் சுற்று வழியும் தேவையில்லை. ஆகவே எந்த எல்லைக்கு இப்புறம் நிரப்புவது, எதற்கு அப்புறம் நிரப்புவது என்று புறப்படும் முன்பே திட்டமிடுவது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. அவர்களும் விலையொன்றையே பார்ப்பதில்லை. இரவில் அச்சமின்றி வண்டியை நிறுத்த இடமுண்டா, குளிக்க நீருண்டா, டீசல் திருடுபோகாமல் இருக்குமா என்பதையும் பார்க்கிறார்கள். மாட்டுங்காச் சந்தையில் நாம் வாங்கும் வாழையிலையிலும், டில்லிக் கடையில் வாங்கும் முருங்கைக்காயிலும் அந்த டீசலின் விலை அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

இதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி எல்லோர்க்கும் ஒப்ப வாய்ப்பதன்று. பெரிய தொட்டியும் முன்பணமும் உடையவனுக்கு எல்லையின் ஆதாயம் கிட்டுகிறது. இருநூறு ரூபாய்க்கு இன்று போட்டு, ஓட்டி, வந்த கூலியில் நாளை மீண்டும் போடும் ஆட்டோக்காரர், முள் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் வாங்க வேண்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 8 லிட்டர் எரிக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு, விலையில் ஒரு ரூபாய் ஏற்றம் 25 நாளில் 200 ரூபாயைக் கொண்டுபோகிறது. அதனைச் சவாரிக் கட்டணத்தில் உடனே ஏற்றிவிட அவரால் முடிவதில்லை. அவருக்கு நேரமும் பணமே. டில்லியிலும் மும்பையிலும் இயற்கை எரிவாயுவில் ஓடும் ஆட்டோக்களையும் கார்களையும் பாருங்கள். அவர்கள் தேடுவது மலிவான பங்க்கை அல்ல; வரிசை குறைந்த, வாயு அழுத்தம் குறையாத பங்க்கை. வரிசையில் நிற்கும் அரைமணி ஒரு சவாரியை விழுங்கிவிடும்.

விலை நாள்தோறும் ஏறும் காலத்தில் முந்திக்கொண்டு நிரப்புவது நல்லதா? 2021 நவம்பர் முதல் நாலரை மாதம் அசையாது நின்ற விலை, 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6க்குள் பதினான்கு முறை ஏறி, லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடியது. அந்நாள்களில் ஓர் ஏற்றம் பெரும்பாலும் 80 காசு. முந்தின இரவே 30 லிட்டர் நிரப்பியவர்க்கு மிச்சம் 24 ரூபாய். வழியிலுள்ள பங்க்கில் கூட்டமில்லையேல் செய்யலாம்; அதற்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதில் பொருளில்லை. கேனில் வாங்கி வீட்டில் சேர்த்து வைப்பதோ உயிரோடு விளையாடுவதாகும். அம்மார்ச் மாதத்தில் மொத்தமாக வாங்குவோருக்கான டீசல் விலை, சில்லறை விலையைவிட 25 ரூபாயளவு கூடிற்று. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சிலவற்றின் பேருந்துகளே தம் பணிமனையை விட்டு, வெளி பங்க்குகளில் வந்து நின்றன. அத்தகைய பெரிய வித்தியாசம் வரும்போதுதான் இடம்மாறி வாங்குவது மெய்யான ஆதாயமாகிறது.

விலையை விட நம் கையில் அதிகம் இருப்பது அளவு. ஐந்து லிட்டருக்கு 50 மில்லி குறைத்துக் கொடுத்தால், அது நூற்றுக்கு ஒன்று. லிட்டர் 100 ரூபாய் விற்கும்போது, லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததற்கு ஒப்பாகும். இருபது காசு மலிவென்று தேடிப்போய் ஒரு ரூபாயை இழப்பது என்ன சிக்கனம்? ஒவ்வொரு பங்க்கிலும் அரசு முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். ஐயம் தோன்றினால் அதில் அளந்து காட்டுமாறு கேட்க நமக்கு உரிமையுண்டு. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரையிலான பிழையே பொறுக்கத்தக்கது. கலப்படம் பற்றிச் சந்தேகமெனில் வடிதாள் கேட்கலாம். அதில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் கறை படியாமல் ஆவியாகிவிடும். எண்ணெய் விழத் தொடங்குமுன் எந்திரம் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது யாவர்க்கும் எளிது. டயருக்கு இலவசமாகக் காற்றுப் பிடிக்கும் வசதியும் அங்கேயே உண்டு. காற்றுக் குறைந்த டயர் எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும்.

சில வீண் நம்பிக்கைகளையும் கைவிடலாம். நூறு ரூபாய்க்குப் போடாமல் நூற்றுப்பத்து ரூபாய்க்குப் போட்டால் ஏமாற மாட்டோம் என்பர்; ஏமாற்ற எண்ணியவனுக்கு எந்தத் தொகையும் ஒன்றுதான். விடியற்காலைக் குளிரில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பர். பூமிக்கடியில் புதைந்த தொட்டியில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் அவ்வளவாக மாறுவதில்லை.

ஆகவே, நேயர்களே, நாம் கொள்ளத்தக்க முறை இது. எல்லை நம் வழியில் அமைந்தால் இருபுறத்துப் பலகையையும் பார்த்து, மலிவான புறத்தில் தொட்டியை நிரப்புவோம். வழியில் அமையாவிடில் கூடுதல் தூரத்தின் செலவைக் கணக்கிட்டபின் வண்டியைத் திருப்புவோம். நகருக்குள் காசு வித்தியாசத்தைத் துரத்தாமல், அளவு தவறாத ஒரு பங்க்கை வாடிக்கையாக்கிக்கொள்வோம். வண்டியைப் பிறர் கையில் ஒப்படைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு சொல்: பத்து ரூபாய் மிச்சத்துக்காக ஓட்டுநரைப் பத்து மைல் சுற்றவிடுவது அவர் உழைப்பையும் உறக்கத்தையும் திருடுவதாகும். அவருடைய நேரத்துக்கும் விலையுண்டு என்று எண்ணிக் கணக்குப் போட்டால், பல சமயங்களில் வீட்டருகே உள்ள நாணயமான பங்க்கே எல்லாவற்றிலும் மலிவானது என்று விளங்கும்.