வீடா, விளையாட்டுத் திடலா?

(நாசரேத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூருக்கு வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். செக்கச் சிவந்த தேரி மணல். அணிவகுத்து நிற்கும் பனைகள். ஊருக்குள் நுழைந்ததும், மாலை வெயிலில் பந்தை விரட்டி ஓடும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளைக் கண்டதும் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நாளை எவரேனும் நிலமளக்கும் சங்கிலியுடன் வந்து, “இந்தத் திடலில் ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறோம், பிள்ளைகள் வேறிடம் பார்த்துக் கொள்ளட்டும்” என்று சொன்னால், நாம் என்ன மறுமொழி கூறுவோம்? கூடாதென்றால், ஏழையின் எதிரி என்பார்கள். ஆகட்டும் என்றால், நாளைக்கு அந்தப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்போம்?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. கடல் கடந்த கோலாலம்பூரில், நம் இனத்து உழைப்பாளிகளை நடுவில் நிறுத்தி, ஏறத்தாழ ஆறாண்டுகள் நீதிமன்றங்களில் நடந்த வழக்கு இது. அந்த வரலாற்றைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்றொரு இடம். ‘புக்கிட்’ என்றால் மலாய் மொழியில் குன்று. ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். நாகையிலே கப்பலேறி, பினாங்கிலே கரையிறங்கி, கங்காணியின் பின்னே நடந்தார்களே நம்மவர்கள், அந்தத் தலைமுறைகளின் வியர்வை விழுந்த தோட்டங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே கோல்ஃப் ஆடுவதற்குப் பசும்புல் வெளி அமைந்தது. குதிரையேற்றம் பழக மன்றம் அமைந்தது. பொழுது புலருமுன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களுக்கு என்ன அமைந்தது? 1980-களின் தொடக்கத்தில் வரிசையாக நீள வீடுகள் கிடைத்தன. மலைத்தோட்டங்களில் லயம் என்பார்களே, அதைப் போல. “இது தற்காலிகம், நிலையான வீடு பின்னால் வரும்” என்றார்கள். ஆண்டுகள் நாற்பது உருண்டன. அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து, மணந்து, தாமும் பிள்ளை பெற்றார்கள். தற்காலிகம் மட்டும் முடியவே இல்லை. குதிரைக்கு இடங்கொடுத்த குன்றில், உழைத்த குடும்பம் ஏறத்தாழ நூற்றுக்கு நிலையான கூரை கிடைக்கவில்லை!

அந்த வீடுகளை ஒட்டியே தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா, சுமார் 25 ஏக்கர் பரப்பில். அண்டையில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என்னும் குடியிருப்பு. அங்குள்ளோர் நடக்கவும், ஓடவும், குழந்தைகளுடன் நிழலில் அமரவும் வரும் இடம் அது. கோலாலம்பூர் நகர அமைப்புத் திட்டத்திலேயே அது பொதுப் பூங்கா என்று குறிக்கப்பட்டிருந்தது.

2017 ஜூலையில் மாநகர நிர்வாகம் ஒரு கட்டடத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அப்பகுதியில் 12 ஏக்கர் நிலம். அதில் நீள வீட்டார் முதலியோருக்காக 29 மாடிக் கட்டடம் ஒன்று, வீடுகள் 350. அத்துடன் நின்றதா? 42 முதல் 54 மாடி வரை உயரும் எட்டு கோபுரங்கள். அவற்றில் விற்பனைக்கு 1,766 வீடுகள்!

கணக்கைப் பாருங்கள், தோழர்களே! மொத்தம் 2,116 வீடுகளில் எளியோர்க்கு ஆறில் ஒரு பங்கு. மேடையில் பேசும்போது அந்த ஒரு பங்கைத்தான் முன்னே நிறுத்துவார்கள். மற்ற ஐந்து பங்கும் அதன் நிழலிலே ஒதுங்கி வரும். தேர் யாருடையது என்று கேட்டால், வடம் பிடிக்கும் ஏழையைக் காட்டுவார்கள். உள்ளே வீற்றிருப்பவர் யார் என்பது திரைக்குப் பின்னால்!

குடியிருப்பினர் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தனர். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். மனந்தளராமல் மேல்முறையீடு செய்து, 2021 ஜனவரியில் வென்றனர். நிலத்துக்குரிய அறக்கட்டளையின் அறங்காவலர்களுள் மாநகர மேயரும் ஒருவர் என்பதும் அவ்வழக்கில் வெளிவந்தது. கேட்ட தரப்பிலும் அவர். கொடுத்த தரப்பிலும் அவர்! 2023 ஏப்ரல் 18-ஆம் நாள், நாட்டின் உச்சியிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக அந்த ஒப்புதல் செல்லாது என்று உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் நளினி பத்மநாதன். அதன் சாரம் இது: நகர அமைப்புத் திட்டம் சுவரில் மாட்டி வைக்கும் படமன்று, அதிலிருந்து விலகுகிறவர், ஏன் விலகுகிறோம் என்று காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்போர் எதிர்த்தனர். அவர்களுக்கு வழக்குத் தொடுக்க உரிமை உண்டு என்றும், அந்த ஒதுக்கீடு செல்லாது என்றும் 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவமனை நல்லதுதான், ஆனால் ஊரார்க்கென்று எழுதி வைத்ததை ஊரார் அறியாமல் எடுத்துக் கொடுப்பது நல்லதாகாது.

பூங்கா வென்றது. நீள வீட்டார்? இங்கேதான் நெஞ்சு உறுத்துகிறது. அவர்களுடைய சங்கம் கட்டடத் திட்டத்தின் பக்கமே நின்றது. அவர்களைக் குறை கூற என் நா எழவில்லை. நாற்பதாண்டு காத்திருந்தவனிடம் ஒருவன் வந்து, வீட்டுச் சாவியைக் காட்டினால், அவன் அதைப் பற்றத்தானே செய்வான்? “நீள வீடு நிற்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டுங்கள், நாங்கள் எதிர்க்கவில்லை” என்று குடியிருப்பினர் சொல்லியே வந்தார்கள். அப்படியானால் பூங்காவுக்கும் ஏழைக்கும் பகை எங்கே இருந்தது? இல்லாத பகையை மூட்டி, இருவரையும் எதிரெதிர் நீதிமன்றப் படிக்கட்டில் நிறுத்தியது எது? நடுவிலே வந்து நின்ற எட்டு கோபுரங்கள் அல்லவா?

ஆகவே சொல்கிறேன்: வீடா, திடலா என்று கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கேள்வியிலேயே சூது இருக்கிறது. ஏழையின் பிள்ளைக்கு வீட்டுக்குள் தனி அறை இல்லை. திடல்தான் அவனுக்குக் கூடம். செல்வர் பிள்ளைக்கு மன்றம் உண்டு. கட்டணம் கட்டி ஆடுவான். திடல் போனால் முதலில் இழப்பவன் ஏழைதான்.

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் வளர்ச்சி, கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக, நூற்றுக்குப் பத்துப் பங்கு திறந்த வெளியாக விடவேண்டும். புதிய மனைக்கே அப்படியொரு கடமை இருக்கும்போது, பழைய திடலை விழுங்கக் கொடுப்பது என்ன முறை?

எந்தத் திட்டம் வந்தாலும் பேரூராட்சி வாசலில் நின்று கேளுங்கள். எத்தனை வீடுகள்? அவற்றில் எளியோர்க்கு எத்தனை? அதற்கு மட்டும் எவ்வளவு நிலம் போதும்? மீதி நிலம் யாருக்கு? நாலு கேள்விக்கும் எழுத்தில் விடை வாங்குங்கள். ஏழைக்கு வீடு வேண்டும் என்று முதலில் குரல் கொடுப்பவர்களும் நீங்களாகவே இருங்கள். அப்போதுதான் திடலுக்காக நீங்கள் எழுப்பும் குரலை எவராலும் தன்னலம் என்று தள்ள முடியாது.

பேசி முடிக்கிறேன். பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் பந்தோடு வீடு திரும்புவார்கள். அவர்களுக்குத் திரும்ப ஒரு வீடும் இருக்கட்டும். நாளை மாலை ஓடிவர ஒரு திடலும் இருக்கட்டும்.