காஞ்சியிலிருந்து மலைக்கு



கோடை வந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ஊட்டி நினைவு வருகிறது, மீதிப் பேருக்குக் கொடைக்கானல். அந்த இரண்டு ஊர்களும் வண்டிகளைத் தாங்க முடியாமல் திணறிப்போய், 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்கித்தான் மேலே போக வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிடும் நிலை வந்தது. காஞ்சிபுரத்தில் இருப்பவர்களும், பட்டு வாங்கவும் சாமி கும்பிடவும் காஞ்சிக்கு வருபவர்களும் மலை பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊருக்கும் மலைக்கும் உள்ள உறவு பழையது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

காஞ்சிக்கு மலை ஏது என்று கேட்கலாம். பாலாறும் வேகவதியும் ஓடும் சமவெளி இது. ஆனாலும் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவரைச் சேவிக்க 24 படி ஏறித்தான் ஆக வேண்டும். பெருமாள் நிற்கும் இடத்துக்கு அத்திகிரி என்று பெயர். அந்தக் குன்றின் கீழே, குகை போன்ற சந்நிதியில் நரசிம்மர் இருக்கிறார். வெளியூர்க்காரர்கள் பலர் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவிட்டு அவசரமாக இறங்கிவிடுகிறார்கள். தாங்கள் ஏறி இறங்கியது ஒரு மலை என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

கீழே நரசிம்மர் இருக்கும் இந்த ஊரிலிருந்து, மலை உச்சியில் நரசிம்மர் இருக்கும் ஊருக்குப் போவோம். இராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கர், வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான திருக்கடிகை இதுதான். பெரிய மலையில் யோக நரசிம்மர். அவரைப் பார்க்க 1,305 படிகள். எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். அங்கே 406 படிகள்.

சோளிங்கரில் தொட்டாசாரியார் என்ற வைணவப் பெரியவர் வாழ்ந்தார். ஆண்டுதோறும் வைகாசிக் கருட சேவைக்குக் காஞ்சிக்கு வந்துவிடுவார். ஒரு வருடம் உடம்பு முடியாமல் போனது. தக்கான் குளக்கரையில் இருந்தபடியே வரதரை நினைத்து உருகினார், காஞ்சியிலிருந்து வரதர் கருடன் மேல் அங்கேயே வந்து காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். இன்றைக்கும் காஞ்சியில் கருட சேவையன்று கோபுர வாசலில் பெருமாளைக் குடையால் ஒரு கணம் மறைக்கிறார்கள். அந்தக் கணத்தில் அவர் சோளிங்கருக்குப் போய் வருகிறார் என்று நம்பிக்கை. தொட்டாசாரியார் சேவை என்று அதற்குப் பெயர். அந்தக் கூட்டத்தில் நெருக்கி நின்று குடையைப் பார்த்தவர்கள், ஒரு முறையாவது அந்தக் குளக்கரைக்கும் மலைக்கும் போய் வர வேண்டும் என்பது என் ஆசை.

சோளிங்கர் பெரிய மலைக்கு 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. முட்டி வலிக்காரர்களும் முதியவர்களும் பல ஆண்டுகளாகக் காத்திருந்த வசதி. முன்பெல்லாம் டோலியில் ஆளை வைத்துத் தூக்கிப் போவார்கள். தூக்குகிறவர் படும் பாட்டைப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவருக்கே மனசு கேட்காது. ஆகவே முடியாதவர்கள் தயங்காமல் ரோப் காரில் போங்கள். உடம்பு ஒத்துழைப்பவர்கள் படியில் ஏறுங்கள். ஏற ஏறக் கீழே ஏரியும் வயலும் விரிந்துகொண்டே போவதைக் காலால்தான் அனுபவிக்க முடியும். விடிந்ததும் தொடங்கிவிடுவது நல்லது. வேலூர்ப் பக்கத்து வெயில் பாறையைப் பத்து மணிக்குள் சுட வைத்துவிடும். இறங்கும்போதுதான் முட்டிக்கு அதிகப் பாரம், அதனால் அவசரம் வேண்டாம். குரங்குகள் பையைப் பறிக்கும். அவற்றுக்குத் தின்னக் கொடுத்துப் பழக்கியது நாம்தான். இனியாவது அதை நிறுத்திக்கொள்வோம்.

கிழக்கே போகிறவர்களுக்குத் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், உச்சியில் வேதகிரீசுவரர். நடுப்பகலில் கழுகுகள் வந்து அமுது உண்ட காட்சியைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போது கழுகுகள் வருவதில்லை. இறங்கும் வழியில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தைப் பார்க்காமல் வராதீர்கள்.

குளிர் வேண்டும், உயரம் வேண்டும் என்பவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போக வேண்டும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். கம்பர், கபிலர், அவ்வையார், பாரி என்று வளைவுக்கு வளைவு பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை சொல்லிக்கொண்டே ஏறலாம். மேலே புங்கனூர் ஏரியில் படகு உண்டு, சுவாமிமலைச் சிகரத்துக்கு நடைபாதை உண்டு.

எனக்கு ஏலகிரியைவிட அதன் அருகிலுள்ள ஜவ்வாது மலை மேல்தான் பிரியம் அதிகம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள், சாமை விளைவிப்பவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இந்தக் காஞ்சித் தொடர்பு பதிவாகியிருக்கிறது. நம் ஊரைத் தங்கள் பூர்வீகம் என்று சொல்கிற மக்களின் மலைக்கு நாம் போகாமல் இருக்கலாமா?

அந்த மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் காவலூர். 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு வான் ஆய்வகம் அமைக்க நல்ல இருட்டும் தெளிந்த வானமும் உள்ள இடம் தேடி, சந்தன மரங்கள் நிறைந்த இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டையும் இங்கிருந்து பார்க்கலாம். 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 93 அங்குல விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவானது. 1986 முதல் அதற்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர்தான். அவர் 1982-இலேயே காலமாகிவிட்டார். அந்தத் தொலைநோக்கி முடிந்து நின்றதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது அங்கே வழக்கம். மேகம் இல்லாவிட்டால் சிறிய தொலைநோக்கி வழியாக வானத்தைக் காட்டுவார்கள். கிளம்புவதற்கு முன் ஆய்வகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நிலா இல்லாத இரவுதான் நட்சத்திரம் பார்க்க உகந்தது. காஞ்சி நெசவாளர் வீடுகளில் அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் உண்டு அல்லவா? அந்த அமாவாசை சனிக்கிழமையிலோ அதை ஒட்டியோ வந்தால் அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

நெசவாளர்களை நினைத்துத்தான் இந்த உரையையே எழுதினேன். குழித்தறியில் கால்களைத் தரைக்குக் கீழே தொங்கவிட்டு, பாவையும் ஊடையையும் பார்த்தபடி நாள் முழுக்கக் குனிந்திருக்கும் வேலை அது. கோர்வை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளும் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அதே சுவர்தான், அதே விளக்குதான். கல்யாணப் புடவை கட்டுகிற யாருக்கும் இந்த முதுகு வலி தெரியாது. கண்ணைத் தூரத்தில் ஓட்டுவதற்கும் காலை நீட்டி நடப்பதற்கும் இவர்களைவிடத் தேவைப்படுகிறவர்கள் யார்? கூட்டுறவுச் சங்கங்கள் வருடத்துக்கு ஒரு முறை ஒரு பேருந்தை அமர்த்தி, நெசவாளர் குடும்பங்களைச் சோளிங்கருக்கும் காவலூருக்கும் அழைத்துப் போகலாம். பெரிய செலவு ஆகாது.

காஞ்சியில் விடுதி நடத்துபவர்களுக்கும் ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புடவைப் பையோடு அன்று மாலையே ஊர் திரும்பப் போகும் வாடிக்கையாளரிடம், நாளை ஒரு நாள் தங்கி மலை பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லுங்கள். வழியையும் சொல்லி அனுப்புங்கள். போகிறவர்கள் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் எதையும் மலையில் விட்டுவராதீர்கள்.