பனிக்காலையும் மோட்டார் வண்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் மணக்கும் இம்மேடையில் பெட்ரோல் மணக்கும் கைகளோடு வந்து நிற்கிறேன். செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, "ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பேசினால் கேட்பதற்கு யார் இருப்பார்கள், ஐயா?" என்று வினவினேன். "சென்ற தை மாதத்து இரவை நம் காலனியில் மறந்தவர் யார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குமேல் நான் மறுக்கவில்லை.

அந்த இரவைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலை நான்கரை மணி. புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. லயத்து வீடொன்றில் ஒரு சகோதரிக்குப் பிரசவ வலி கண்டது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் பழைய பெட்ரோல் ஜீப்பு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினார், இஞ்சின் இருமிற்று, பற்றவில்லை. மீண்டும் மீண்டும் திருப்பியதில் பாட்டரி ஓய்ந்தது. பின்னர் பத்துப் பேர் கூடிச் சரிவில் தள்ளினோம். மூன்றாம் முறை, நான்கு சிலிண்டரில் இரண்டு மட்டும் பற்ற, நொண்டிக் குதிரைபோல் அந்த வண்டி மலையிறங்கிற்று. தாயும் சேயும் நலமாகத் திரும்பினர். ஆயினும் வண்டி ஆடி ஆடிச் சென்ற அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டு கருகி நனைந்திருந்தன. இடைவெளியோ ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தேய்ந்து அகன்றிருந்தது. இதனினும் வியப்பான ஒன்றும் இருந்தது. அவ்விரண்டும் வண்டிக்குரிய எண்ணுடையவை அல்ல. "இது குளிர் பிரதேசம், குளிர் பிளக் போடுங்கள்" என்று யாரோ சொல்லக் கேட்டு அண்ணன் வாங்கியவை.

இந்தச் சொல் மயக்கத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். பிளக்கின் நுனியில் ஒரு பீங்கான் மூக்கு இருக்கிறது. அந்த மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் மெதுவாக வெளியேறும். அதுவே சூட்டுப் பிளக். குட்டையாக இருந்தால் வெப்பம் விரைந்து வெளியேறும். அது குளிர் பிளக். ஊரின் குளிருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை. மூக்கு ஏறத்தாழ 450 அல்லது 500 டிகிரி சென்டிகிரேடை எட்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரிக்குமேல் போனாலோ, பொறி பாயுமுன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனுக்குக் கேடு விளையும். குளிர்ந்த ஊரில், வீட்டிலிருந்து கடைத்தெருவரை மட்டும் ஓடும் வண்டியில் குளிர் பிளக்கைப் போட்டால் மூக்கு சூடேறுவதே இல்லை. கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாவதை விட்டு, கரியின் வழியே நழுவிவிடும்.

"அப்படியானால் சூட்டுப் பிளக் போடலாமா?" என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம் என்பேன். நம் வண்டிகள் மூணாற்றுக் குளிரில் உறங்குகின்றன. ஆனால் போடிநாயக்கனூருக்கு இறங்கி, சுமையேற்றி, போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளையும் நண்பகலில் ஏறி வருகின்றன. பங்குனி வெயிலில் 40 டிகிரி காயும் பாலக்காட்டுக்கும் உறவு முறைக்காகச் செல்கின்றன. இரண்டையும் எண்ணித்தான் வண்டி செய்தவர் ஓர் எண்ணைக் குறித்திருக்கிறார். கையேட்டில் உள்ள அந்த எண்ணையே வாங்குங்கள். ஓர் எச்சரிக்கை: போஷ் பிளக்கில் வெப்ப எண் பெரிதாக ஆகச் சூட்டுப் பிளக், என்.ஜி.கே. பிளக்கில் அதே எண் பெரிதாக ஆகக் குளிர் பிளக். ஒன்றுக்கு மற்றொன்றைக் கண்ணளவில் ஒப்பிட்டு வாங்கினால் தலைகீழாகும்.

1902-ஆம் ஆண்டில் போஷ் நிறுவனத்துப் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அந்நிறுவனத்தின் துணையோடு 1951-இல் பெங்களூரில் மைக்கோ தோன்றியது. நம் பெரியவர்கள் பலர் பிளக்கையே 'மைக்கோ' என்று அழைத்தது அதனால்தான். நம் பக்கத்து மோட்டார் வரலாறும் சிறியதன்று. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கினார் ஜி. டி. நாயுடு.

நிற்க. குளிரில் இஞ்சின் ஏன் அடம்பிடிக்கிறது? பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. எண்ணெய் தடித்து இஞ்சினைப் பிடித்து இழுக்கிறது. பாட்டரியின் வலிமையோ குறைந்துபோகிறது. அந்த மெலிந்த பாட்டரியை ஸ்டார்ட்டர் மோட்டார் உறிஞ்சும்போது 12 வோல்ட் ஒன்பது பத்தாக விழுகிறது. காயில் அதைக்கொண்டே பல்லாயிரம் வோல்ட்டை எழுப்பியாக வேண்டும். இடைவெளி அகன்றிருந்தால் தேவையான வோல்ட்டும் கூடும். ஆகவே நடுப்பகலில் குற்றம் காட்டாத பிளக் விடியற்காலையில் தோற்றுப்போகிறது. உயரமும் ஒரு காரணம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்தில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை மிகுதியாக ஊட்டுகிறது. பிளக் மேலும் கருகுகிறது.

நோயறிவதற்கு முன்னால், பிளக்கின் மேல் பழியைப் போட அவசரப்படாதீர்கள். முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அறவே மங்கினால் பாட்டரியையும் அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூப்பையும் பாருங்கள். இஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையானால், பழைய வண்டியில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் துடைத்து உலர்த்துங்கள். மூடுபனி இறங்கும் நம் ஊரில் இதுவே பாதி நோய். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால், ஈரத்தில் மின்சாரம் வயரின்மேல் நீலமாக ஓடுவது சில வேளை கண்ணுக்கே தெரியும். ஆனால் கை வைத்துவிடாதீர்கள்.

பற்றிய பின் குலுங்கினால், இஞ்சின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். இளம்பழுப்பு நலத்தின் நிறம். உலர்ந்த கரி என்றால் சோக்கைத் தள்ள மறந்தோம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் வளையமோ வால்வு ஸீலோ தேய்ந்தது; அதற்குப் புதுப் பிளக் மருந்தாகாது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பிளக் அளவுமீறிச் சூடாகியிருக்கிறது. ஐயமுள்ள பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குற்றமும் கூடவே போனால் பிளக்கே குற்றவாளி. போகாமல் அங்கேயே நின்றால் வயரையோ காயிலையோ இஞ்செக்டரையோ தேடுங்கள்.

இக்காலத்துக் கார்களில் சோக் இல்லை; கணிப்பொறி பெட்ரோலை அளக்கிறது. குளிர்நீரின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சார் பழுதாகி, "இஞ்சின் சூடாயிருக்கிறது" என்று பொய் சொன்னால் பெட்ரோல் குறைந்து வண்டி குலுங்கும். காலையில் சில விநாடி மட்டும் குலுங்கி, வெண்புகை கக்கி, ரேடியேட்டர் நீரும் நாளுக்கு நாள் குறைந்தால், ஹெட் காஸ்கெட் வழியே சிலிண்டருக்குள் நீர் கசிகிறது என்று ஐயுறுங்கள். 2025-இல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்தது. எத்தனால் ஆவியாவதற்கு மிகுந்த வெப்பம் கேட்கும், ஈரத்தையும் ஈர்க்கும். நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டியில் இதை நினைவிற் கொள்க. டீசல் ஜீப்புக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர்கள் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஹீட்டர் பிளக்கைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.

பிளக்கைப் பூட்டுவதில் நம் பிள்ளைகள் வலிமையைக் காட்டுகிறார்கள். அலுமினியத் தலையில் மரை போனால் செலவு பெரிது. கையாலேயே இறுதிவரை திருகி, புதுப் பிளக்கானால் அதன்பின் அரைச் சுற்று போதும். பழைய வாஷரோடு திரும்பப் பூட்டுவதானால் இன்னும் குறைவே போதும். இடைவெளியைச் சரிசெய்ய வெளிக்கம்பியை மட்டும் வளைக்க வேண்டும். இரிடியம் பிளக்கின் ஊசி நுனியைத் தொடாமலிருப்பதே நல்லது. ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்குமேல் அழுத்தாமல், அரை நிமிடம் இளைப்பாற விடுங்கள். தாய்மார்களுக்கு ஒன்று: குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த ஷெட்டுக்குள் வண்டியைச் சூடேற்ற எவரையும் விடாதீர்கள். அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

அந்த அண்ணனின் ஜீப்புக்கு உரிய எண்ணில் நான்கு பிளக்குகளும் ஒரு புதுப் பாட்டரியும் போட்டோம். கார்புரேட்டரையும் இவ்வூர் உயரத்துக்கு இசைவாகச் சரிசெய்தோம். இப்போது இரண்டாம் சுற்றில் பற்றுகிறது. மற்றவர்கள் வண்டிகளையும் பார்க்க வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்தின் முன்னால் காத்திருப்பேன். முதல்நாள் இரவே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். சூடான இஞ்சினில் இந்நோய் கண்ணுக்குத் தெரியாது.